கடைசி செட்டில் தோற்பவன்

ஏப்ரல் 29, மாட்ரிட்

இந்த டயரி ஷைனி வாங்கித் தந்தது. “மனசுல கெடக்கத எல்லாம் போன்ல எங்கிட்ட கொட்டாதிய. இதுல கொட்டுங்க” என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்தாள். கட்டியவளே காது கொடுக்க மாட்டேன் என்ற பிறகு காகிதம்தானே கதி.

கொட்டுகிறேன். இன்றும் தோற்றேன். 4–6.

என் வேலையே அதுதான். ரிம்மா லுகாஷினா என்ற ரஷ்யாக்காரியுடன் நாள் முழுக்கப் பந்தடிக்க வேண்டும். மறுநாள் அவள் யாரோடு மோதப் போகிறாளோ அவளைப் போலவே அடித்துக் காட்ட வேண்டும். சாயங்காலம் ஒரு செட் ஆடித் தோற்க வேண்டும். மூன்று வருடமாக ஒரு சாயங்காலம் கூடத் தவறவில்லை. சட்டம் போட்டது அவள் அம்மா கலீனா. அவள்தான் கோச்சும். “தோத்துட்டுப் படுக்க பிள்ள காலைல தோத்த மூஞ்சியோடதான் எந்திரிக்கும். கடைசி செட்டு அவளுக்கு. அது அவளுக்குத் தெரியவும் கூடாது, கேட்டியா?” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். (அவர்கள் ஆங்கிலமும் அரைகுறை, என் ஆங்கிலமும் அரைகுறை. அதை அப்படியே எழுதினால் பிறகு எனக்கே புரியாது. எங்கள் நாகர்கோவில் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.)

நன்றாகத் தோற்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரேயடியாக விட்டால் சந்தேகம் வரும். ஐந்து கேம் வரை இழுத்தால் கலீனா முறைப்பாள். நாலு கேம்தான் கச்சிதம். ஒரு காலத்தில் உலகத் தரவரிசையில் நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள் இந்த ரெஜின். நிஜமாக ஒரு நாள் ஆடினால் இவள் என் சர்வைத் தொடக்கூட மாட்டாள். அது எனக்குத் தெரியும், கலீனாவுக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவளுக்குத்தான் தெரியாது.

மே 2, மாட்ரிட்

முதல் சுற்றிலேயே ரிம்மா தோற்றாள். அவள் இடது கைக்காரி. அந்தக் கை நடுங்குவது கேலரியில் இருந்த எனக்கே தெரிந்தது.

ஹோட்டல் சாப்பாட்டு அறையில் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். கலீனா எழுந்து போய் அந்தத் தட்டை எடுத்துப் பக்கத்து மேஜையில் வைத்தாள். “ஜெயிச்சவங்க சாப்பிடுத எடம் இது. நீ தண்ணி குடி.” இருபத்தேழு வயதுப் பெண், உலகத்தில் எழுபத்தொன்றாவது ஆள், தண்ணீர் குடித்தாள்.

நான் சாப்பிட்டேன். கோழி நன்றாக இருந்தது. அவர்கள் குடும்ப விஷயத்தில் தலையிட நான் யார்?

மே 3, மாட்ரிட்

துவைக்கப் போட்ட துணி, நரம்பு மாற்றக் கொடுத்த மட்டைகள், இரண்டையும் வாங்கி வந்தேன். பயிற்சியில் ரிம்மா ஒரு பந்தைத் தவறவிட்டு மட்டையைத் தரையில் அடிக்க, அது எகிறி என் கணுக்காலில் பட்டது. வீங்கிவிட்டது. சாரி என்று ஒரு சொல் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலீனாதான் என் மேல் எரிந்து விழுந்தாள். “சர்வு போடுததுக்கு முந்தி அந்தப் பந்த என்னத்துக்கு இப்பிடி தட்டிக்கிட்டே நிக்கே? வெயிலு ஏறுது.” பழக்கம் என்றேன்.

அறைக்குத் திரும்பியபோது கதவுப் பிடியில் ஐஸ் கட்டிப் பை ஒன்று தொங்கியது. ஹோட்டல்காரர்கள் நல்லவர்கள்.

மே 8, ரோம்

மகள் ஜெனிஷாவுக்கு மே 18 அன்று புதுநன்மை. ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் லீவு கேட்டேன்.

“புதுநன்மைன்னா என்னது?” என்றாள் கலீனா.

“கோயில்ல பிள்ளையளுக்கு மொத மொதல்ல நன்மை அப்பம் குடுக்கது, மேடம். வெள்ளச் சட்ட போட்டு, தலைல கிரீடம் மாதிரி முடி வச்சு... வாழ்க்கைல ஒருக்கதான் வரும்.”

“பாரிசும் வருசத்துல ஒருக்கதான் வரும். போறதுன்னா போ. திரும்பி வராண்டாம்.”

ரிம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கால் விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “அம்மா சொல்லுததுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த விரலுக்குப் போனாள்.

நான் இவளுக்காக மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். நாய்க்குக் கூட வாலாட்டினால் ஒரு பிஸ்கட் உண்டு.

மே 9, ரோம்

ரிம்மா என் வீட்டு விலாசத்தைக் கேட்டாள். விசாவுக்கோ என்னவோ. எழுதிக் கொடுத்தேன்.

மே 18, ரோம்

கோயிலிலிருந்து ஷைனி வீடியோவில் காட்டினாள். ஜெனிஷா வெள்ளைக் கவுனில் நடந்து வந்தாள். நன்மை வாங்கும் நேரம் பார்த்து படம் உறைந்துவிட்டது. மறுபடி வந்தபோது பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க கம்பெனிக்காரன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கான்” என்று ஷைனி சிரித்தாள். “வெள்ளச் சட்டதான். ஆனா டென்னிசு சட்ட! முட்டு வரைக்கும் கூட வராது. இதப் போட்டுட்டு நன்மை வாங்கப் போனா சாமியாரு வெரட்டிவிட்டிருப்பாரு.”

ரிம்மாவுக்கு விளம்பரம் கொடுக்கும் கம்பெனி மிச்சம் மீதியைத் தள்ளிவிட்டிருக்கும். புதுநன்மைக்கு யாராவது டென்னிஸ் சட்டை அனுப்புவார்களா? ஓரமாகப் போடு என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல 4–6.

மே 22, பாரிஸ்

டென்னிஸில் ஒரு கொடுமை உண்டு. போன வருடம் சம்பாதித்த புள்ளிகள் இந்த வருடம் அதே வாரத்தில் செத்துப்போகும். போன வருடம் இங்கே ரிம்மா கால் இறுதி வரை வந்தாள். அதில்தான் இன்றுவரை சோறு தின்கிறோம். இந்தத் தடவை மூன்று சுற்றாவது ஜெயிக்க வேண்டும். மூன்றாவதில் தோற்றால் நூறைத் தாண்டிக் கீழே விழுவாள். விழுந்தால் பெரிய போட்டிகளில் நேரடி இடம் கிடையாது. விளம்பரக் கம்பெனி போய்விடும். அவள் முட்டி இரண்டும் ஏற்கெனவே போய்விட்டன.

கலீனா அதைத் தன் பாணியில் சொன்னாள். “மூணு மாட்சு. இல்லேன்னா நம்ம ஊரு சரதோவுக்கு வந்து எங்கூட ரொட்டிக்கடைல நில்லு.”

பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே கொடி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. போர் வந்ததிலிருந்து ரஷ்யாக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். இரண்டு சுற்று ஜெயித்தால் மூன்றாவதில் எலிஷ்கா என்ற செக் பெண் வருவாள். பத்தொன்பது வயது. எல்லோரும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மே 24, பாரிஸ்

மட்டைக்கு நரம்பு கட்டும் இடத்தில் ஒருவர் என் தோளைத் தட்டினார். எலிஷ்காவின் கோச், மரெக். எங்களிடம் இருக்கும் பையன் இந்த மாதத்தோடு போகிறான், நீ வருகிறாயா என்றார். பிள்ளைகள் விசேஷத்துக்கு லீவு உண்டு என்றும் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? கலீனாவின் குரல் ரோம் முழுக்கக் கேட்டிருக்கும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரிம்மா எப்படி இருக்கிறாள் என்று சும்மா விசாரித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முட்டியைத் தவிர உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அவளுக்கு எல்லாம் மனசுதான், முந்தின நாள் எப்படித் தூங்கினாளோ அப்படித்தான் மறுநாள் ஆடுவாள் என்று மட்டும் சொன்னேன். இது ஊருக்கே தெரிந்த சங்கதி. சாப்பாட்டுக் கூப்பன் ஒன்று அவரிடம் மிச்சம் இருந்தது. கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மே 26, பாரிஸ்

ரிம்மா ஜெயித்தாள். கலீனா ஆம்லெட் சாப்பிட அனுமதித்தாள்.

மே 28, பாரிஸ்

மறுபடி ஜெயித்தாள், மூன்று செட். கடைசிப் பந்து முடிந்ததும் கேலரியைப் பார்த்துக் கை காட்டினாள். அம்மாவுக்காக இருக்கும். கலீனா அந்த நேரம் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் எலிஷ்காவும் ஜெயித்துவிட்டாள்.

மே 29, பாரிஸ்

நிதானமாக எழுத வேண்டும்.

நாளைக்கு எலிஷ்கா. இன்று முழுக்க அவளைப் போல அடித்துக் காட்டினேன். நெட்டுக்கு ஓடி வருவது, பேக்ஹேண்டில் குறுக்கே இழுப்பது. ரிம்மா நன்றாக ஆடினாள். இந்த வருடத்திலேயே இவ்வளவு நன்றாக ஆடிப் பார்த்ததில்லை. சாயங்காலம் கடைசி செட் நேரத்துக்குக் கலீனா நாளைக் காலைப் பயிற்சிக்கு மைதானம் கேட்டுச் சண்டை போட ஆபீசுக்குப் போய்விட்டாள். ரிம்மாவும் நானும் மட்டும்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எவ்வளவு நாள்தான் இந்தப் பெண்ணைப் பொய்யில் வளர்ப்பது? நாளைக்கு எதிரில் நிற்பவள் விட்டுக்கொடுக்கப் போகிறாளா? தன் உண்மையான பலம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போகட்டும். ஒரு நல்ல மனுஷன் அதைத்தான் செய்வான். மரெக் விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் இன்னும் அவருக்குப் பதிலே சொல்லவில்லை.

நிஜமாக ஆடினேன். 6–0.

முதல் கேமில் சர்வை விட்டுவிட்டு நின்றாள். இரண்டாவதிலும் அப்படியே. அவள் பந்தையே பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். மூன்றாவது கேமிலிருந்து ஒவ்வொரு சர்வுக்கும் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். விளையாட்டில் கவனம் இல்லை. அப்படி ஆடினால் யார்தான் ஜெயிப்பார்கள்? ஆனாலும் என் சர்வு பழைய மாதிரியே இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அரை மணி நேரம் எனக்கு இருபத்திரண்டு வயது.

முடிந்ததும் பந்துகளை அவளே பொறுக்கிக் கூடையில் போட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. நெட்டுக்கு வந்து, “தேங்க்யூ, ரெஜின்” என்றாள். பெயரைச் சொன்னதும் முதல் தடவை. உண்மை சொன்னதற்கு நன்றி சொல்லியிருக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கலீனா வந்து ஸ்கோர் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ரிம்மா சொன்னாள்: “ஆறு நாலு. நாந்தான்.”

வெட்கமாக இருந்திருக்கும்.

மே 30, பாரிஸ்

1–6, 0–6. ஐம்பத்தோரு நிமிடம்.

சர்வு போடப் பந்தை மேலே போடுவாள், பிடித்துக்கொள்வாள். மறுபடி போடுவாள், மறுபடி பிடித்துக்கொள்வாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஒரு பந்து நெட்டைத் தாண்டாமல் அவள் காலடியிலேயே விழுந்தது. எலிஷ்காவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும், கடைசியில் நெட்டருகே இவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

உடை மாற்றும் அறைக்குப் போகும் நடையில் கலீனா காத்து நின்றாள். கன்னத்தில் ஒன்று வைத்தாள். தூய்மைப் பணி செய்யும் அம்மாள் ஒருத்தி வாளியை வைத்துவிட்டுச் சத்தம் போட்டாள், பிரெஞ்சில். நான் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நின்றேன். கை இரண்டிலும் பை. நான் என்ன செய்ய முடியும்?

“நேத்து என்ன நடந்திச்சு? சொல்லு! நேத்து ராத்திரி என்ன செஞ்ச?” என்று கலீனா கத்தினாள்.

ரிம்மா என்னைப் பார்த்தாள். நான் பையின் ஜிப்பைப் பார்த்தேன். “ஒண்ணும் நடக்கல” என்றாள்.

மே 31, பாரிஸ்

மரெக்கிடம் சரி என்றேன். கலீனாவுக்கு மெசேஜ் போட்டேன். பதிலாக ஒன்பது நிமிடம் ரஷ்ய மொழியில் திட்டு. மூன்று வருடத்தில் கெட்ட வார்த்தைகள் மட்டும் நன்றாகப் படித்துவிட்டேன்.

ஷைனியிடம் சொன்னேன். “அந்தப் பிள்ளைட்ட நேர்ல சொல்லிட்டு வந்தியளா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “நல்லா இருக்கு ஒங்க மரியாத” என்று வைத்துவிட்டாள். இவளுக்கு என்ன தெரியும் நான் பட்டது?

ஜூன் 19, பர்மிங்ஹாம்

புது இடம் நன்றாக இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாம் வணக்கம் சொல்கிறார்கள். ஒரே ஒரு தொல்லை. இங்கே கடைசி செட் சட்டம் கிடையாது. எலிஷ்கா, “நெசமா ஆடுங்க. ஜெயிக்கப் பாருங்க” என்கிறாள்.

நிஜமாகத்தான் ஆடுகிறேன். 3–6. புல்தரை எனக்கு ஒத்துவராது.

ஜூலை 3, லண்டன்

ரிம்மா தகுதிச் சுற்றிலேயே தோற்றுவிட்டாளாம். நூற்றுப் பதினெட்டுக்குப் போய்விட்டாள்.

எலிஷ்காவிடம் 2–6. முழுப் பலத்தையும் போட்டு ஆடினேன். மரெக் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “பந்து ஏன் அரை வழியிலேயே செத்துப்போவுது? ஒவ்வொரு ராலிலயும் கடைசிப் பந்த நீயே அவ கைக்குக் கொண்டு குடுக்கே.” அப்படி இல்லை என்றேன். வீடியோ போட்டுக் காட்டினார். அப்படித்தான் இருந்தது. மூன்று வருடம் ஒருத்திக்குத் தோற்றுத் தோற்று என் கை பாழாகிவிட்டது. அதற்கும் அவள்தான் காரணம்.

பிறகு யோசித்தேன், இந்தக் கையை வைத்துக்கொண்டு அன்றைக்கு 6–0 எப்படி அடித்தேன் என்று. தூக்கம் வந்துவிட்டது.

ஜூலை 21, பிராக்

ரிம்மா ஆட்டத்தை விட்டுவிட்டாள். போனில் மூன்று வரி அறிவிப்பு. அம்மாவை விட்டும் பிரிந்துவிட்டாளாம். கலீனா சரதோவில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் பிடித்திருக்கிறாள் என்று பேச்சு. ரொட்டிக்கடைக்கு யாரும் போகவில்லை.

காலையில் காலணி வாங்கினேன். பழசு வாயைப் பிளந்துவிட்டது.

ஆகஸ்ட் 23, நியூயார்க்

எலிஷ்காவுக்கு முதல் சுற்றில் இடது கைக்காரி வருகிறாள். அதைச் சாக்கு வைத்து மரெக் சொன்னார்: “இடது கை ஆள் ஒண்ணு கெடச்சிருக்கு. ஒனக்க கணக்க முடிச்சிருவோம். தப்பா நெனைக்காத.” நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

பந்துப் பை என்னிடம் இருந்தது. பயிற்சி மைதான வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். அங்கே நின்றது ரிம்மா.

முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். சதை போட்டிருந்தாள். நன்றாக இருந்தாள். அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

“மாட்ச் ஆட முடியல” என்றாள் அவளாகவே. “ஆள் கூடுனா கை நடுங்குது. பிராக்டிஸ்ல நடுங்காது. அதான் இந்த வேலைக்கு வந்தேன்.”

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, அன்றைக்கு நான் அப்படி ஆடியது உன் நல்லதுக்குத்தான் என்றேன். உண்மை ஒரு நாள் தெரியத்தானே வேண்டும் என்றேன்.

“எந்த உண்ம?”

“நான் தெனமும் வேணும்னே தோத்தது.”

“அது எனக்கு மொத வாரமே தெரியும்” என்றாள்.

“யாரு சொன்னா? அம்மாவா?”

“பந்துதான் சொல்லிச்சு. நெசமா சர்வு போட்டா ரெண்டு தடவ தட்டுவே. விட்டுக்குடுக்கப் போறேன்னா மூணு. ஒனக்கே தெரியாதா?”

எனக்குத் தெரியாது.

“நாள் முழுக்க அம்மா ஏசுவா. சாயங்காலம் அந்த மூணாவது தட்டு கேக்கும். செரி, எனக்காவ ஒருத்தன் தோக்கான்னு மனசு ஆறும். அதக் கேக்கத்தான் அந்த செட்டே ஆடுவேன். அன்னைக்கு செட்டு முழுக்கக் காதக் குடுத்துக்கிட்டு நின்னேன். வரவே இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது என்று சொல்வது போலச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. கலீனாவிடம் ஒன்பது நிமிடம் வாங்கியவன் நான், இவளிடமும் வாங்கியிருப்பேன்.

பந்துப் பையை வாங்கிக்கொண்டாள். இரண்டடி போய்த் திரும்பினாள். “பிள்ளைக்குச் சட்ட சரியா இருந்திச்சா? வெள்ளன்னு நீ அம்மாட்ட சொன்ன. நானே கடைக்குப் போயி வாங்குனேன். எனக்கு அந்த ஒரு கடதான் தெரியும்.”

சரியாக இருந்தது என்றேன்.

வாசலைத் தாண்டி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் பந்து தட்டும் சத்தம் கேட்டது. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். இரண்டு. திரும்பிப் பார்த்தேன், எலிஷ்கா அந்தப் பந்தைத் தொடக்கூட இல்லை.

ஆகஸ்ட் 26, நாகர்கோவில்

வீட்டுக்கு வந்தாயிற்று. ஜெனிஷா அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்துச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கிறாள். சனி ஞாயிறு ஆனால் கழற்றவே மாட்டாளாம். இப்போது முட்டுக்கு இன்னும் மேலே ஏறிவிட்டது.

“இது யாரு அனுப்புனதுப்பா?” என்று கேட்டாள். “தேங்க்யூ சொல்லணும்னு அம்மா சொல்லுதா.”

கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தது என்றேன்.